ஓட்டு மெஷின் மட்டும் ஏன் இன்னும் ஸ்மார்ட் ஆகவில்லை?

பழைய பேட்டரி

வாட்ச் நாடி பார்க்கிறது. டிவி பாஸ்வேர்டு கேட்கிறது. வாஷிங் மெஷினுக்குக்கூட ஒரு ஆப் வந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் நெட் இல்லாமல், ப்ளூடூத் இல்லாமல், அப்டேட் கேட்டு நச்சரிக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கும் சாமான் ஒன்று உண்டென்றால் அது நம் ஓட்டு மெஷின்தான். நீல பட்டனை அமுக்கினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ஒரு 'பீப்', அவ்வளவுதான்.

என் கட்சி இது: அது அப்படியே மக்காக இருக்கட்டும். ஒரு வேலையை மட்டும் செய்யத் தெரிந்த கருவியிடம்தான் ஓட்டை நம்பிக் கொடுக்கலாம். போனிலேயே ஓட்டுப் போடும் காலம் வர வேண்டும் என்று யாராவது பேசினால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இந்த மெஷின் வந்த கதையும் மெதுவான கதைதான். 1977ல் யோசனை, 1979ல் ஹைதராபாத் அரசு நிறுவனமான இசிஐஎல் செய்த மாதிரி, 1982 மே மாதம் கேரளாவின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் முதல் சோதனை. அங்கே இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் 123 ஓட்டில் ஜெயித்தார். காங்கிரஸ்காரர் கோர்ட்டுக்குப் போனார். சட்டத்தில் மெஷினுக்கு இடமே இல்லை என்று 1984ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சாவடிகளில் மறுபடி காகிதத்தில் வாக்குப்பதிவு நடந்து, முடிவே மாறிப்போனது. சட்டத்தைத் திருத்தி, கட்சிகளைச் சமாதானம் செய்து, தமிழ்நாடு முழுக்க மெஷின் வந்தது 2001 சட்டமன்றத் தேர்தலில். நாடு முழுக்க 2004ல். மாதிரி தயாராகி இருபது வருஷம் கழித்துத்தான் நம் விரலுக்கு வந்தது. நம் போன் மூன்றே வருஷத்தில் கிழடாகிவிடுகிறது.

இதை உருவாக்கிய இன்னொரு நிறுவனமான பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆட்களில் எழுத்தாளர் சுஜாதாவும் முக்கியமானவர் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். கதைகளில் ரோபோவைப் பேச வைத்த மனுஷர், ஆபீசில் போய் வாயே திறக்காத ஒரு பெட்டியைச் செய்திருக்கிறார். அப்புறம் ஒரு டிவி நிருபர் ஒருநாள் முதல்வராகும் படத்துக்கு (1999, முதல்வன்) வசனமும் எழுதினார். தேர்தல், கருவி, சினிமா மூன்றிலும் ஒரே ஆள். தமிழ்நாட்டில் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பேசவே முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

சரி, நீங்கள் சொல்லுங்கள்.


வெட்டிப்பேச்சு

அண்ணே, மெஷினை விடுங்கள், அதன்மேல் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? தேர்தல் கமிஷனின் சுயேச்சைச் சின்னப் பட்டியல் ஒரு மியூசியம். கிராமபோன் இருக்கிறது, பென் டிரைவ் இருக்கிறது. தையல் மெஷின், டிவி, தனியாக டிவி ரிமோட், சிசிடிவி கேமரா, கம்ப்யூட்டர் மவுஸ், போன் சார்ஜர், ரோபோ. கட்சி ஆரம்பிக்கிறவர் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவதை நினைத்துப் பாருங்கள். அந்தக் கோட்டோவியங்களில் நிறைய எம்.எஸ். சேத்தி என்று கமிஷனிலேயே வேலை பார்த்த ஓவியர் பென்சிலில் வரைந்தவை. அவர் 1992ல் ஓய்வு பெற்றுவிட்டார்.

சின்னம் சிரிப்புக்கான விஷயமும் இல்லை. ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2017 டிசம்பர். 59 வேட்பாளர்கள். ஒரு வாக்குப்பதிவு யூனிட்டில் 16 பெயர்தான் வரும், ஆக நாலு யூனிட்டை வரிசையாக வைத்தார்கள். அத்தனைக்கும் நடுவில் தினகரனின் குக்கரை ஜனங்கள் தேடிக் கண்டுபிடித்துக் குத்தினார்கள். 40,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசம். இரட்டை இலை எதிரில் நின்றும்! 2024ல் நாம் தமிழருக்குக் கரும்பு விவசாயி கிடைக்காமல் மைக் கிடைத்தது. சீமானுக்கு மைக். கமிஷனில் யாருக்கோ நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.


டீச்சரம்மா

தேர்தல் டூட்டி பார்க்கிற அரசுப் பள்ளி ஆசிரியை என்ற முறையில் ஒரு வார்த்தை. மெஷின் மக்கு என்பது சரி, அதைச் சுற்றி நடக்கிற சடங்குகள் மக்கு இல்லை.

விடிவதற்குள் எழுந்து, கட்சி ஏஜெண்டுகள் எதிரில் மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். குறைந்தது 50 ஓட்டு, நோட்டா உட்பட எல்லாப் பட்டனும். பிறகு முடிவை எடுத்து ஒப்புகைச் சீட்டுகளோடு (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டுகிற அச்சுச் சீட்டுகள்) சரிபார்த்து, க்ளோஸ், ரிசல்ட், க்ளியர். இதை நாங்கள் சிஆர்சி என்போம். பயிற்சி வகுப்பில் இந்த மூன்றெழுத்தைச் சொல்லிச் சொல்லியே காது புளித்துவிடும். க்ளியர் அமுக்காமல் நிஜ வாக்குப்பதிவை ஆரம்பித்துவிட்டால் அந்த 50 ஓட்டும் உள்ளேயே கிடக்கும். அதனால் பெட்டியில் கிடக்கிற மாதிரிச் சீட்டுகளையும் எடுத்து, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்டுவோம். அலுவலர் மேஜையில் இருக்கிற கன்ட்ரோல் யூனிட்டில் பச்சைத் தாள் சீல் போட்டு ஏஜெண்டுகளிடம் கையெழுத்து வாங்குவோம். அதற்கப்புறம்தான் முதல் ஓட்டு.

ஒவ்வொருவர் உள்ளே போகும்போதும் மேஜையில் இருக்கிற அலுவலர் 'பேலட்' பட்டனை அமுக்கினால்தான் மெஷின் விழித்துக்கொள்ளும். ஒரு ஓட்டு விழுந்ததும் திரும்பப் பூட்டிக்கொள்ளும். நீங்கள் நீல பட்டனை நாற்பது தடவை குத்தினாலும் ஒன்றுதான். அவ்வப்போது 'டோட்டல்' அமுக்கி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். அந்த எண் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ எங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

இன்னொன்று. இதில் கொஞ்சம் ஸ்மார்ட்டான பாகம் சீட்டு அச்சடிக்கிற விவிபேட். அதுதான் எங்களைப் படுத்தும். 2018 மே மாதம் உத்தரப் பிரதேசம் கைரானா இடைத்தேர்தலில் நிறைய விவிபேட்கள் மக்கர் செய்தன. அதன் சென்சார் மேல் நேராக வெளிச்சம் விழுந்ததும் ஒரு காரணம் என்று கமிஷன் சொன்னது. அதிலிருந்து ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், பல்புக்குக் கீழே வைக்காதீர்கள் என்று ஓயாமல் சொல்கிறார்கள். பழைய பேட்டரி சார் சொல்வதற்கு இது வலு சேர்க்கும்.


கருவேலம்

டீச்சர் சொன்ன சடங்குகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இழையின் அடிப்படையே எனக்கு ஒத்துவரவில்லை. நெட் இல்லை, அதனால் நம்பலாம் என்பது பாதி வாதம். மெஷின் கெட்டதா நல்லதா என்பதல்ல கேள்வி. அது நல்லது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சில் இதைத்தான் கேட்டது. 2005 தேர்தலில் அவர்கள் பயன்படுத்திய மெஷினில் யாரும் தில்லுமுல்லு செய்ததாகத் தீர்ப்பில் சொல்லவில்லை. சிறப்பு அறிவு எதுவும் இல்லாத சாதாரணக் குடிமகன், ஓட்டு எண்ணப்படுகிற முக்கியமான கட்டங்களைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த மெஷின் செல்லாது என்றார்கள். அங்கே திரும்பக் காகிதம்தான்.

இங்கே அந்தச் சரிபார்ப்புக்காக வந்ததுதான் ஒப்புகைச் சீட்டு. கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழுகிறது. ஆனால் அதில் எத்தனை எண்ணுகிறோம்? 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகள். மொத்தத்தையும் எண்ணச் சொன்ன மனுக்களை 2024 ஏப்ரல் 26ல் தள்ளுபடி செய்துவிட்டார்கள். சின்னம் ஏற்றுகிற கருவியை முடிவு வந்த பிறகு 45 நாள் சீல் வைத்துப் பாதுகாக்கச் சொன்னார்கள். இரண்டாவது, மூன்றாவது வந்த வேட்பாளர் கேட்டால் ஐந்து சதவீத மெஷின்களைச் சோதிக்கலாம் என்றும் சொன்னார்கள். அதாவது தோற்றவர் கேட்டால் பார்க்கலாம். ஓட்டுப் போட்ட நான் கேட்டால்?

கவனித்தீர்களா, 'சின்னம் ஏற்றுகிற கருவி'. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது என்று சொல்லப்பட்ட அமைப்பில், விவிபேட் வந்த பிறகு வேட்பாளரின் பெயரும் சின்னமும் வெளியிலிருந்துதான் ஏற்றப்படுகின்றன. மக்கு மெஷின் கொஞ்சம் படித்துவிட்டது பேட்டரி சார்.


பழைய பேட்டரி

கடைசிப் பாயிண்ட்டைச் சும்மா தள்ள முடியாது. சின்னம் ஏற்றுகிற வேலைதான் இதில் வெளியார் கேள்வி கேட்க வேண்டிய இடம். அந்தத் தீர்ப்பு அந்தக் கருவியைக் குறிப்பிட்டுப் பேசியதே நல்லது.

ஆனால் காகிதம் என்றவுடன் நமக்கு வருகிற பாசம் கொஞ்சம் அதிகம். மொடக்குறிச்சியை மறந்துவிட்டீர்களா? 1996 சட்டமன்றத் தேர்தல். தங்கள் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். மொத்தம் 1,033 பேர். வாக்குச்சீட்டே புத்தகமாகிவிட்டது. தேர்தலையும் தள்ளி வைத்தார்கள். ஒரு பாட்டி அந்தப் புத்தகத்தைப் புரட்டி உதயசூரியனையோ இரட்டை இலையையோ தேடுவதை யோசியுங்கள். நின்றவர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அவர்களே அவர்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை! அதே வருஷம்தான் சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள்.

இதே மாதிரி 2019ல் தெலங்கானாவின் நிஜாமாபாதில் மஞ்சள் விவசாயிகள் நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். அங்கே எம்3 என்கிற புது ரக மெஷினில் 12 யூனிட்டுகளை எல் வடிவத்தில் அடுக்கி ஒரே நாளில் முடித்தார்கள். ஒரு கன்ட்ரோல் யூனிட்டோடு 24 யூனிட் வரை சேர்க்கலாம். நோட்டாவையும் சேர்த்து 384 பெயர் வரை தாங்கும்.

அப்புறம் சாவடி கைப்பற்றல். காகிதக் காலத்தில் நாலு பேர் உள்ளே புகுந்தால் கால் மணி நேரத்தில் கட்டுக்கட்டாக முத்திரை குத்திப் பெட்டியில் திணித்துவிடலாம். மெஷின் நிமிடத்துக்கு நாலைந்து ஓட்டுக்கு மேல் வாங்காது. அராஜகம் செய்பவனையும் வரிசையில் நிற்க வைக்கிற ஒரே அரசாங்கச் சாமான் அதுதான்.


கருவேலம்

மொடக்குறிச்சி காகிதத்தின் குற்றம் இல்லை, 250 ரூபாய் டெபாசிட்டின் குற்றம். கைப்பற்றல் வாதத்தை ஏற்கிறேன். நானும் மெஷினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பெட்டியில் விழுந்து கிடக்கிற சீட்டை எண்ணுங்கள் என்கிறேன். முடிவு ஒரு நாள் தள்ளி வந்தால் டிவிக்காரர்களுக்குத்தான் கஷ்டம்.


நடுநிசி வாசகி

சினிமா பக்கம் இன்னும் யாரும் முழுதாக வரவில்லையே. எனக்கு ஒரு வினோதம் படுகிறது. தேர்தல் நடத்தை விதிகள், 1961 என்று ஒரு சட்டப் புத்தகம். உலகத்திலேயே போரடிக்கிற வாசிப்பு. அதில் இரண்டு விதிகளின் எண் தமிழ்நாட்டில் சினிமா பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும்: 49-ஓ (O), 49-பி (P). ஒன்று கவுண்டமணி படத்தின் பெயர் (2015). இன்னொன்று விஜய் நடித்த சர்காரின் (2018) கதைக்கே அச்சாணி.

இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 49-ஓ என்பது சாவடிக்குப் போய், பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகு, எனக்கு ஓட்டுப் போட விருப்பமில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது. ஏஜெண்டுகள் எல்லாரும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரகசியம் எங்கே இருக்கிறது? அதனால்தான் 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மெஷினிலேயே நோட்டா பட்டன் வைக்கச் சொன்னது. 49-பி வேறு. உங்கள் ஓட்டை வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால், நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபித்து, தனியாக ஒரு காகித வாக்குச்சீட்டு வாங்கிப் போடுவது.

படம் சொல்லாமல் ஓரமாக விட்ட ஒரு விஷயம்: அந்தக் காகித ஓட்டு வழக்கமான எண்ணிக்கையில் சேராது. உறையில் போட்டு மூடி வைப்பார்கள். வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து, வழக்கு நடந்து, கோர்ட் சொன்னால்தான் பிரிப்பார்கள். அதே மாதிரி நோட்டாவுக்கு எல்லாரையும்விட அதிக ஓட்டு விழுந்தாலும், அடுத்து வந்த வேட்பாளர் ஜெயித்ததாகத்தான் அறிவிப்பார்கள்.

ஆனாலும் சினிமாவைக் குறை சொல்ல மாட்டேன். எந்த அரசு விளம்பரமும் ஒரு விதியின் எண்ணை இப்படி ஊர் வாயில் போட்டதில்லை.


வெட்டிப்பேச்சு

வாசகி அக்கா பிடித்தது நல்ல பிடி. நான் கருவியையும் சினிமாவையும் சேர்த்துக் கட்டுகிறேன்.

1967: எம்.ஆர். ராதா சுட்டு எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில். அந்தக் கட்டுப் போட்ட போட்டோ போஸ்டராகி ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கு வராமலே பரங்கிமலையில் ஜெயித்தார். 1984: அதே எம்.ஜி.ஆர். நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று வதந்தி. அங்கே எடுத்த வீடியோவைக் கொண்டுவந்து தமிழ்நாடு முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். வீட்டில் விசிஆர் இருப்பதே பெரிய விஷயமாக இருந்த நாள். ஆண்டிபட்டியில் படுத்துக்கொண்டே ஜெயித்தார். அவருடைய முகத்தை நகர வைக்க அந்த நேரத்தில் எந்தக் கருவி கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1996ல் அந்த இடத்துக்கு டிவி வந்தது. சன் டிவி ஆரம்பித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ரஜினி அதில் உட்கார்ந்து திமுக–தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) அணிக்குக் குரல் கொடுத்தார். தமாகாவுக்குக் கிடைத்த சின்னம் சைக்கிள். அண்ணாமலை படத்தில் ரஜினி சைக்கிளோடு நின்ற ஸ்டில் தயாராகவே இருந்தது. கட்சி பிறந்து சில வாரம், போஸ்டர் நாலு வருஷம் முன்னாலேயே ரெடி!


தெருமுனை

வெட்டிப்பேச்சு தம்பி, ஜெயித்த கதையை மட்டும் அடுக்கினால் எப்படி? சிவாஜியைவிடப் பெரிய நடிகர் யார்? 1988ல் கட்சி ஆரம்பித்து 1989ல் திருவையாறில் நின்று தோற்றார். விஜயகாந்த் 2006ல் விருத்தாசலத்தில் தனியாக ஜெயித்தார், 2011ல் 29 இடங்களோடு எதிர்க்கட்சித் தலைவர், 2016ல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட்டே போனது. கமல் 2021ல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார். கையில் டார்ச் லைட் சின்னம் வேறு. முகம் தெரிந்தால் கூட்டம் வரும். பூத் கமிட்டி இருந்தால்தான் ஓட்டு வரும். எம்.ஜி.ஆருக்குப் பின்னால் திமுகவில் இருந்தபோதே ஊர்தோறும் ரசிகர் மன்றம் கிளையாக வேலை செய்துகொண்டிருந்தது. அந்தப் பகுதியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

கருவி விஷயமும் அப்படித்தான். இலவச கலர் டிவி கொடுத்து 2006ல் ஜெயித்தார்கள் என்று இன்னமும் பேசுகிறார்கள். சரி, அப்படியானால் சொன்னபடி டிவியைக் கொடுத்த பிறகு 2011ல் திமுக 23 இடத்துக்கு இறங்கியது ஏன்? அந்த 2011 தேர்தலில் அவர்கள் மிக்ஸி அல்லது கிரைண்டர் என்றார்கள். அதிமுக மிக்ஸியும் கிரைண்டரும் கூடவே ஃபேனும், பிள்ளைகளுக்கு லேப்டாப்பும் என்றது. ஏலம் மாதிரித்தான் இருந்தது. ஆனால் ஜனங்கள் ஏலத்துக்கு மயங்கி ஓட்டுப் போட்டார்கள் என்பது ஏசி அறையில் உட்கார்ந்து செய்கிற ஆராய்ச்சி. அந்த வருஷங்களில் மணிக்கணக்கில் கரண்ட் கட். ஓட்டு அங்கே விழுந்தது. வேடிக்கை என்னவென்றால் ஃபேன் வந்து சேர்ந்த 2012லும் கரண்ட் இல்லை.

இதையெல்லாம் லஞ்சம் என்று அறிவிக்கச் சொல்லி ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2013 ஜூலையில் தீர்ப்பு: தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது, ஆனாலும் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகளைக் கமிஷன் வகுக்கட்டும். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. கிரைண்டர் வந்த பிறகு மாவாட்டுகிற நேரம் மிச்சமான பெண்களிடம் போய் 'இலவசம் நாட்டைக் கெடுக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள்.


நடுநிசி வாசகி

தெருமுனை ஐயா, லேப்டாப்புக்கு நான் சாட்சி. எங்கள் தெருவில் அந்த அரசு லேப்டாப்பில் டைப்பிங் பழகி வேலைக்குப் போனவர்களும் உண்டு, அதில் படம் பார்த்தே பேட்டரியைத் தீர்த்தவர்களும் உண்டு. மூடியில் முதலமைச்சர் படம் இருந்தது என்பதற்காக யாரும் திறக்காமல் விடவில்லை, திறந்ததால் நன்றிக்கடனாக ஓட்டுப் போட்டதாகவும் எனக்குத் தெரியவில்லை. ஓட்டுப் போடுகிற நேரத்தில் பிள்ளைக்கு லேப்டாப் வந்த சந்தோஷத்தைவிட தண்ணீர் லாரி வராத கோபம்தான் பெரிதாக நிற்கும்.


பழைய பேட்டரி

மைக், டிவி, வீடியோ எல்லாம் இருக்கிற ஆளை ஊருக்குள் கொண்டுவந்தன. இப்போது வந்திருப்பது இல்லாத ஆளைக் கொண்டுவருகிறது. 2024 ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் கலைஞர் ஏஐ உருவத்தில் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அவர் 2018லேயே போய்விட்டார். அடுத்த மாதம் ஜெயலலிதா பிறந்தநாளுக்கு அதிமுக அவர் குரலில் ஒரு பேச்சை வெளியிட்டது. 2016ல் மறைந்தவர் 2024ல் தொண்டர்களிடம் பேசுகிறார்.

கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜெயலலிதா உயிரோடு இருந்தபோது தன் பெயரில் எந்த வரி வெளியே போகலாம், எது போகக்கூடாது என்பதில் அப்படிக் கறாராக இருந்தவர். அவருக்குப் பிடித்திருக்குமா என்று கேட்க ஆள் இல்லை. கட்சித் தலைவர்கள் சிலைக்கு மாலை போடுவதோடு நின்றிருக்கலாம்.


கருவேலம்

கூச்சம் சரி, ஆனால் பயப்பட வேண்டியது அதற்கு இல்லை. இறந்தவர் பேசினால் எல்லாருக்கும் தெரியும் அது ஏஐ என்று. உயிரோடு இருக்கிற வேட்பாளர் சொல்லாத ஒன்றை, வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு, குடும்ப வாட்ஸப் குரூப்பில் சித்தப்பா அனுப்புகிறாரே, அது. பொய் வீடியோ பற்றித் தெரியவந்த மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் கமிஷன் கட்சிகளுக்குச் சொன்னது. 2025 ஜனவரியில் ஏஐ கொண்டு செய்ததற்கு லேபிள் போடச் சொன்னது. மூன்று மணி நேரத்தில் அது போக வேண்டிய குரூப்புக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். லேபிளை எவன் போடுவான், போட்டாலும் சித்தப்பா படிப்பாரா?


வெட்டிப்பேச்சு

சித்தப்பாக்களைப் பழிக்க வேண்டாம் தோழர், நானும் ஒருவனுக்குச் சித்தப்பாதான்.

கமிஷனின் ஆப்களில் எனக்குப் பிடித்தது சி-விஜில். பணம் கொடுக்கிறார்களா, அனுமதி இல்லாத பேனரா, படம் பிடித்துப் போட்டால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது கணக்கு. கேலரியில் கிடக்கிற பழைய படத்தை ஏற்ற முடியாது. அங்கேயே அப்போதே எடுக்க வேண்டும், இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும். யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஒரே ஒரு சிக்கல்: கவர் கொடுக்கிற அண்ணன் எதிரில் நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிற தைரியத்துக்கு ஆப் இல்லை.


தெருமுனை

அதற்கு ஆப் வந்தால் நான் முதல் ஆளாக இறக்கிக்கொள்கிறேன். டீச்சர், ஒரு சந்தேகம். போனைச் சாவடிக்குள் கொண்டுபோகக் கூடாது என்கிறார்கள். கொண்டுவந்தவர்களை என்ன செய்கிறீர்கள்? தனியாக வருகிறவர் யாரிடம் கொடுத்துவிட்டுப் போவார்? அப்புறம், என் அண்ணனுக்குப் பார்வை மங்கிவிட்டது. பட்டன் பக்கத்தில் என்ன சின்னம் என்றே தெரிவதில்லை. அவர் எப்படிப் போடுவது?


டீச்சரம்மா

போன்தான் இப்போதெல்லாம் எங்களுக்குப் பாதித் தலைவலி. முன்பு வாசலிலேயே திருப்பி அனுப்புவோம், சண்டை வரும், சிலர் கோபித்துக்கொண்டு ஓட்டுப் போடாமலே போய்விடுவார்கள். 2025 மே மாதம் கமிஷன் சாவடிக்கு வெளியே போனை வைத்துவிட்டுப் போக வசதி செய்வதாக அறிவித்தது. அணைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே வரலாம். பட்டனை அமுக்குகிற இடத்தில் செல்ஃபி எடுத்தால் அது வாக்கின் ரகசியத்தை மீறுவது. மை வைத்த விரலை வெளியே வந்து எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மை மைசூர் பெயிண்ட்ஸ் தயாரிப்பு, சில்வர் நைட்ரேட் கலந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்து மெனக்கெடாதீர்கள்.

உங்கள் அண்ணனுக்கு: வாக்குப்பதிவு யூனிட்டில் பட்டன்களுக்குப் பக்கத்தில் பிரெயில் எண்கள் உண்டு. பிரெயில் தெரியாது என்றால் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். விதி 49-என். துணை வருகிறவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதே நாளில் வேறு யாருக்கும் துணையாகப் போயிருக்கக் கூடாது. யாருக்குப் போட்டார் என்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கட்சி ஏஜெண்ட் யாராவது 'நான் காட்டுகிறேன் ஐயா' என்று எழுந்தால் உட்காரச் சொல்லுங்கள். நீங்களே அழைத்துப் போங்கள். காலையில் ஏழிலிருந்து எட்டுக்குள் வந்தால் வரிசையும் குறைவு, நாங்களும் கொஞ்சம் தெம்பாக இருப்போம்.